படலைக்கு இந்தப் பக்கம்

அந்த யோசனை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா மடியில் பழைய பேப்பரை விரித்துப் போஞ்சிக்காய் முறித்துக்கொண்டிருந்தார். ரீவியில் மாமாவின் செத்தவீடு ஓடிக்கொண்டிருந்தது.

இதை யூனியில் சொன்னால் என்னோடு அனிமேஷன் படிக்கிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஊரில் ஒருவர் செத்துப்போனால், ஐயரையும் பறைமேளத்தையும் ஒழுங்குபண்ணுகிற அதே கையோடு வீடியோக்காரரையும் ஒழுங்குபண்ணுவார்கள். வெளிநாட்டில் இருக்கிற சகோதரங்கள் பார்க்கவேண்டுமே. கசெட் வந்து சேரும். வந்தபிறகு கலியாண வீடியோக்கள் இருக்கிற அதே தட்டில்தான் அதுவும் இருக்கும். வேறு எங்கே வைப்பது.

மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். யாழ்ப்பாணத்தில் அவர் நெஞ்சுவலியில் போனபோது சண்டை நின்றிருந்த சமாதான காலம், யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. லண்டனிலிருந்து சனம் பெட்டி கட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தது. அம்மாவுக்கு மட்டும் ஏலாது. எங்கள் விசா கேஸ் அப்போது முடியவில்லை. போனால் திரும்பி உள்ளே வர முடியாது. அதனால் அம்மா தன் அண்ணனின் செத்தவீட்டை இந்த முன்னறையிலேயே வைத்தார். கதிரைகளை ஒதுக்கிப் பாய் விரித்தோம். மேசையில் மாமாவின் படமும் ஒரு விளக்கும். ஃபாரஸ்ட் கேட்டிலிருந்தும் தோர்ண்டன் ஹீத்திலிருந்தும் தெரிந்த சனம் பிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்தது, இருந்து அழுதது, போனது. எனக்குப் பதினைந்து வயது. செத்தவீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள், செத்தவர் மட்டும் இல்லை என்று நான் யோசித்தது ஞாபகம் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து யாரோ ஒருவரின் சூட்கேசில் கசெட் வந்தது.

அம்மா அதை அடிக்கடி போடமாட்டார். வருடத்துக்கு மூன்று நாலு தரம். போட்டால் எப்போதும் ஒரே மாதிரித்தான் பார்ப்பார். கிரியை, வாய்க்கரிசி, சின்னப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பது, பெட்டியைத் தூக்குவது. பெட்டி முற்றத்தைத் தாண்டித் தெருவாசலில் இருக்கிற மரப் படலைக்கு வந்ததும் ரிமோட்டை அமத்தி நிற்பாட்டிவிடுவார். “இனி றோட்டுத்தான்,” என்பார். எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போய்விடுவார்.

அன்றைக்கு அவருக்குக் கை ஈரம். ரிமோட் என்னிடம் இருந்தது. படலை வந்தது.

“நிப்பாட்டு பிள்ளை,” என்றார்.

நான் நிற்பாட்டவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. அந்தத் தவணை முழுக்க எங்களுக்கு யூனியில் ஒரே பாடம்தான், மனிதர் எப்படி நடக்கிறார் என்பது. அதனால் பெட்டி காவியவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கசெட் முதல் தடவையாகப் படலையைத் தாண்டிப் போனது. செம்மண் ஒழுங்கை. வேட்டி கட்டிய முதுகுகள். முன்னால் ஒருவர் வெள்ளைத் துணியை விரிக்க விரிக்க, ஆட்கள் அதன்மேல் நடந்தார்கள். ஒழுங்கை திரும்புகிற இடத்தில் படம் ஒரு பக்கம் சரிந்தது. பிறகு திரை முழுக்க வெறும் நீலம்.

“என்ன, அவ்வளவுதானோ?”

“பற்றறி முடிஞ்சு போச்சாம்,” என்றார் அம்மா. ரீவியைப் பார்க்கவில்லை. போஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நீலத்தைப் பார்த்தபடி இருந்தேன். ஆறு வருடமாக அம்மா படலையோடு நிற்பாட்டுவது இதற்காகத்தான், இந்த நீலம் வந்துவிடும் என்ற பயத்தில்தான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் எதையும் கெதியாக விளங்கிக்கொள்கிற ஆள். அதில் பாதி பிழையாக இருக்கும்.

மிச்சத்தை நான் பென்சிலால் படமாகக் கீறினால் என்ன?

*

கடைசி வருடத்துக்கு ஒவ்வொருவரும் மூன்று நிமிடத்தில் ஒரு படம் செய்யவேண்டும். நான் அதுவரை நீச்சல் குளத்தில் விழுந்த ஒரு பூனையைப் பற்றிச் செய்வதாக இருந்தேன். திங்கட்கிழமை காலை விரிவுரையாளரின் அறைக்குப் போய், பூனை வேண்டாம், ஒரு செத்தவீட்டு வீடியோவின் முடிவைக் கீறப்போகிறேன் என்றேன். அவர் ஆங்கிலேயப் பெண்மணி, அதிகம் கதைக்கமாட்டார். கசெட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்த்து முடிந்ததும், “நல்லது, ஆனால் நடை கஷ்டம். பாரத்தோடு நடப்பது அதைவிடக் கஷ்டம்,” என்றார்.

நான் பயப்படவில்லை. பயப்படுகிற அளவுக்கு எனக்கு அப்போது விசயம் தெரியாது.

கையால் கீறுகிற அனிமேஷன் என்றால் இதுதான். அடியில் ரியூப்லைற் எரிகிற கண்ணாடிப் பலகையில் ஒரு தாளை வைத்து ஒரு படம் கீறுவது. அதன்மேல் இன்னொரு தாள். கீழே இருக்கிற படம் மங்கலாகத் தெரியும், அதிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி அடுத்த படம். ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு. மூன்று நிமிடத்துக்கு இரண்டாயிரத்தைத் தாண்டும். ஒருவர் ஓர் அடி வைத்து அடுத்த அடி வைக்க ஒரு நாள் போகும்.

முதல் கிழமையே ஒரு கட்டு தாள் முடித்துவிட்டேன். ஆறு பேர் பெட்டி காவி நடக்கிறார்கள். அதைக் கொம்பியூட்டரில் ஓடவிட்டு விரிவுரையாளரிடம் காட்டினேன். அவர் இரண்டு தரம் பார்த்தார்.

“பெட்டிக்குள் யாரும் இல்லை,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வருகிற ரயிலில் அது எனக்குள் கிடந்து குடைந்தது. உண்மைதான். என்னுடைய ஆட்கள் தெர்மோகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். கசெட்டில் இருந்த நடையைப் பார்த்துக் கீறலாம் என்றால், அதில் கால்கள் தெரிகிற இடம் ஏழெட்டுச் செக்கன்தான். மிச்சமெல்லாம் தலைகளும் முதுகுகளும்.

பாரம் காவுகிற ஆம்பிளைகள் நாலு பேராவது எனக்கு வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். அவர் பெற்றோல் ஸ்ரேசனில் காலை ஷிப்ட் முடித்து வந்து, பின்வளவில் கதிரை போட்டு இருந்தார்.

“அப்பா, நீங்களும் உங்கட சிநேகிதரும் அயர்ன் பண்ணுற பலகையைத் தோளில வைச்சு, இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு நடப்பீங்களோ? நான் வீடியோ எடுக்கவேணும்.”

“எதுக்கு?”

சொன்னேன்.

“விசரே பிள்ளை உனக்கு? ஆக்கள் உயிரோட இருக்கிற வீட்டில பாடை காவிக் காட்டுறதோ? வேற ஏதாவது கேள். பாட்டுப் பாடச் சொன்னாலும் பாடுறன்.”

“சும்மா நடிக்கிறதுதானே அப்பா.”

“சும்மா நடிக்கத்தான் கூடாது. உண்மையாச் செத்தா வந்து காவுறன், அதில பிரச்சினை இல்லை.”

அவரை அசைக்க முடியவில்லை. யூனியில் படிக்கிற பொடியன்களிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் நடை வேறு. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாரமும் வேட்டியும் கட்டி வளர்ந்த கால் ஒரு மாதிரி நடக்கும்.

ஒரு கிழமை கழித்து அப்பாவே வந்து, “சனிக்கிழமை கமராவைக் கொண்டு வா,” என்றார். ஜேர்மனியிலிருந்து வந்து ஃபாரஸ்ட் கேட்டில் கடை நடத்துகிற அவருடைய சிநேகிதர் வீடு மாறுகிறார். ஜேர்மனியில் வாங்கிய ஓர் அலுமாரியை, அதைக் கழற்றிப் பூட்டத் தெரியாமல், முழுசாகவே லண்டன் வரை கொண்டுவந்தவர் அவர். அன்றைக்கு அதை அப்பாவும் சேர்ந்து நாலு பேர் படியால் இறக்கி, ஒழுங்கையால் வான் வண்டிக்குக் கொண்டுபோனார்கள். நான் முன்னால் பின்பக்கமாக நடந்து நடந்து படம் எடுத்தேன்.

“அண்ணை, மெல்ல, மெல்ல. சுவர்.”

“சுவர் எனக்குத் தெரியுது. நீ உன்ர பக்கத்தைத் தூக்கு. சாப்பிடுறது ரெண்டு பேற்ர சாப்பாடு, காவுறது அரை ஆளின்ர பாரம்.”

“இது அலுமாரியோ, இல்லாட்டி மனுசியையும் உள்ளுக்க வைச்சுப் பூட்டினனீயோ?”

“அவ கேட்டா அடுத்தது நான்தான் இதுக்குள்ள.”

ஒழுங்கையின் நடுவில், கமராவுக்கு நேரே வந்தபோது, அப்பா தோளை ஒருதரம் மாற்றிக்கொண்டார். மற்ற மூன்று பேரும் அதே நேரத்தில் அரை அடி நின்று, பிறகு சேர்ந்து நடந்தார்கள். அந்த அரை அடியை வீட்டில் படம் படமாக நிறுத்தி எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. பாரம் அதில்தான் இருந்தது. முழங்கால் மடிவதற்கு முன்னால் கழுத்து இறுகுகிறது. அடி சின்னதாகிறது. ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை, ஆனால் எல்லாருக்கும் மற்றவரின் கால் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நாலு மாதம் கீறினேன். மாரிக் குளிர் போனது தெரியவில்லை. விரலில் பென்சில் பிடிக்கிற இடம் காய்த்துப்போய்விட்டது. முதல் கட்டின் நூற்றுச் சொச்சம் படங்களைக் கிழித்து எறிந்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். ஒருநாள் விரிவுரையாளர் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “இப்போது உள்ளே ஆள் இருக்கிறார்,” என்றார். அன்றைக்கு ரயிலில் நான் இருக்கவே இல்லை. இருக்கைகள் காலியாக இருந்தும் பார்க்கிங் வரை நின்றபடி வந்தேன்.

படத்தில் ஒழுங்கை நீலத்தில் முடியவில்லை. திரும்பி, வயல்வெளிக்கு வந்து, சுடலைக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டிக்குப் பின்னால் ஆம்பிளைகளை விட்டேன். அவர்களுக்குப் பின்னால் பெண்களை விட்டேன். பெண்களின் முன்வரிசையில் அம்மா. கலியாண அல்பத்தில் இருந்த முகத்தைப் பார்த்துக் கீறினேன். சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, தன் அண்ணனுக்குப் பின்னால் கடைசிவரை நடந்துபோகிற அம்மா. அவரால் பிளேன் ஏற முடியவில்லை. நான் பென்சிலால் கொண்டுபோய்விட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

*

வேலை முக்கால்வாசி முடிந்ததும் வீட்டில் காட்டினேன். ஒரு சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் கொம்பியூட்டரை வைத்து, அம்மாவையும் அப்பாவையும் இருத்தினேன். வர்ணம் இல்லை, சத்தம் இல்லை, வெறும் பென்சில் கோடுகள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். விரிவுரையாளர்களுக்குக் காட்டும்போது நான் இப்படி முன்னுரை சொன்னதில்லை.

ஓடியது. அப்பா கதிரையில் முன்னுக்கு வந்தார்.

“இஞ்சரும், இது அந்த அலுமாரி காவின நடை. இவன் நான். பாரும், தோள் மாத்துறன்.”

பெட்டி வளைவில் திரும்பியது. பின்னால் பெண்கள் வந்தார்கள்.

“ஆர் பிள்ளை இந்தப் பொம்பிளையள்?” என்றார் அம்மா.

“உங்கட ஆக்கள்தான். இது சின்னம்மா. இது மாமி. இது நீங்கள்.”

“எங்க போகினம்?”

“சுடலைக்கு.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த சீனிப் போத்தலைப் பார்த்தார்.

“ஊரில பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்ல பிள்ளை,” என்றார் அம்மா. கோபமில்லை. விலாசம் பிழை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். “படலையோட நிண்டிடுவினம். ஆம்பிளையள்தான் அங்கால போறது.”

எனக்கு அது தெரியாது. உண்மையாகவே தெரியாது. நான் நேரில் பார்த்த செத்தவீடுகள் இரண்டுமே லண்டனில் நடந்தவை. இங்கே எல்லாரும் கோச் பிடித்து மின்சாரத்தில் எரிக்கிற இடத்துக்குப் போவார்கள். ஆம்பிளை, பொம்பிளை, கைக்குழந்தை, எல்லாரும். பெண்கள் முன்வரிசையில் இருந்து அழுவார்கள். ஊரிலும் அப்படித்தான், கோச்சுக்குப் பதில் நடந்து போவார்கள் என்று நினைத்திருந்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் அம்மாவுக்கு விசயம் தெரிந்துவிடும், திடீரென்று காட்டிச் சந்தோசப்படுத்தலாம் என்று மறைத்துவைத்திருந்தேன். நாலு மாதம்.

வெட்கம் வந்ததும் எனக்கு வாய் கூடிவிடும்.

“அது பிழைதானே அம்மா. சொந்த அண்ணன். ஏன் போகக் கூடாது? படத்திலயாவது போகட்டுமே.”

“போகட்டும். உன்ர படம். ஆரும் போகலாம்,” என்றார் அம்மா. “அதில என்னை ஏன் போட்டனீ?”

எழும்பி, கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா, “நடை நல்லாயிருக்கு,” என்றார், இரண்டு தரம்.

*

திங்கட்கிழமை காலை அம்மாவோடு ஸ்ரேசனுக்கு நடந்தேன். அவருக்கு சான்விச் ஃபாக்டரியில் ஷிப்ட், எனக்கு யூனி. சாதாரணமாக அந்தப் பத்து நிமிடமும் அவர் சூப்பவைசரைப் பற்றித் திட்டிக்கொண்டு வருவார். அன்றைக்கு பஸ் நிலையம் தாண்டியதும், முன்னால் பார்த்தபடியே வேறு கதை தொடங்கினார்.

“நீ நினைக்கிறாய், எனக்குச் சுடலை பார்க்கேல்லையெண்டு கவலை எண்டு.”

“ஓம்.”

“நான் அங்க இருந்திருந்தாலும் அதைப் பார்த்திருக்கமாட்டன். அது எனக்குத் தேவையில்லை. அண்ணை வெளிக்கிடேக்க நான் படலையில நிண்டிருக்கவேணும். நிக்கேல்ல. அவ்வளவுதான்.”

“அதுக்கு வீடியோ இருக்கே அம்மா.”

“எங்க இருக்கு? வீடியோக்காரன் ஆம்பிளை. பெட்டி படலையைத் தாண்டினவுடன அவனும் பெட்டியோட போயிட்டான். நிண்ட ஆக்களை ஆர் எடுத்தது?”

ரயில் வந்தது. வேறு வேறு பிளாட்போம். அவர் படியிறங்கிப் போனார். பையில் நீல வலைத்தொப்பி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று யூனியில் கசெட்டை மறுபடி போட்டேன். படலை வருகிற இடத்துக்குப் போய் ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். கமரா முற்றத்திலிருந்து படலையால் வெளியே வருகிறது. வரும்போது வலது ஓரத்தில், படலைக் கம்பத்தைப் பிடித்திருக்கிற ஒரு கை. வளையல் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கறுப்புச் சேலை விளிம்பு, பாதி வாய், யாரோ ஒருவரின் நெற்றி. ஒன்பது படம். வீடியோவில் ஒரு செக்கனுக்கு இருபத்தைந்து படம், அதில் பாதிகூட இல்லை. பிறகு கமரா அவர்களுக்கு முதுகு காட்டிவிட்டது. கசெட்டின் அரைமணி நேரத்திலும் அந்தப் பெண்கள் நின்ற இடம் அவ்வளவுதான்.

அம்மா ரிமோட்டை அமத்துவது அந்த ஒன்பதாவது படத்தில்தான். நீலத்துக்குப் பயந்து இல்லை. அவருக்கு வேண்டிய இடத்தில் கசெட் திரும்பி நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பார்க்க என்ன இருக்கிறது.

நான் கீறிய நாலு மாதமும் வீடியோக்காரர் போன பக்கமாகவே போயிருந்தேன்.

*

சின்னம்மா அம்மாவின் தங்கச்சி. யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். இப்போது பாதை பூட்டிவிட்டார்கள், சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. விசா கிடைத்தும் அம்மாவால் போக ஏலாது. போன் மட்டும் வேலை செய்கிறது. ஒரு ரெலிபோன் காட் வாங்கி, பின்னேரம் அம்மா வருவதற்கு முன் சின்னம்மாவுக்கு எடுத்தேன். சுகம் விசாரித்து, அரிசி விலை கேட்டு, பிறகு கேட்டேன்.

“சின்னம்மா, மாமாவைக் கொண்டுபோகேக்க நீங்கள் படலையில எப்பிடி நிண்டனீங்கள்?”



“எப்பிடி நிண்டனானோ? நான் எங்க நிண்டது, ரெண்டு பேர் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. ஆரோ ஒருத்தி என்ர காலில ஏறி நிண்டவ. நல்ல பாரமான மனுசி. இண்டைக்கும் ஆரெண்டு தெரியாது.”

“பிறகு?”

“பிறகென்ன. மேளச் சத்தம் கேக்கும்வரைக்கும் நிண்டம். வளைவில திரும்பினாப் பிறகு ஆள் தெரியாது, சத்தம் மட்டும் வரும். அது குறைஞ்சு குறைஞ்சு போச்சு. நாங்கள் அழுகையை நிப்பாட்டிப்போட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிண்டம். அந்த நேரம் பின்னால ஒருத்தி வாளித் தண்ணியோட வந்து, தள்ளி நில்லுங்கோ, வீடு கழுவவேணும் எண்டா. கழுவத்தானே வேணும். தண்ணி எங்கட காலுக்குள்ளால ஓடிப் படலையால வெளியில போச்சு. அதோட எல்லாரும் கலைஞ்சிட்டம்.”

நான் கையில் கிடைத்த பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். வாளித் தண்ணி. மேளம் குறைகிறது. காலில் ஏறி நின்ற பாரமான மனுசி. கடைசியாக, கேட்கக் கூடாததையும் கேட்டேன்.

“அம்மாவை அந்த நேரம் நினைச்சனீங்களோ? அவ நிக்கவேண்டிய இடம் எண்டு ஏதும்…”

“அக்காவுக்கு இடம் விட்டு நிண்டனாங்களோ எண்டு கேக்கிறியோ?” சின்னம்மா சிரித்தார், அல்லது இருமினார். “ஓம் எண்டு சொல்ல எனக்கும் ஆசைதான் குஞ்சு. இடமெங்க இருந்தது. ஒரே நெரிச்சல்.”

ரெலிபோன் காட் முடிந்து, லைன் அறுந்தது.

*

விரிவுரையாளரிடம் போய், ஒழுங்கையில் நடக்கிற பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு, படலையில் நின்ற பெண்களைக் கீறப்போகிறேன் என்றேன். அந்த நடை இந்த வருடம் தான் பார்த்ததில் நல்ல வேலை, அதை எறிவது விசர்த்தனம் என்பதை மரியாதையான ஆங்கிலத்தில் சொன்னார். படம் ஒப்படைக்க ஐந்து கிழமை இருந்தது. அந்த ஐந்து கிழமைக்குள் ஒரு படலையும் பதினைந்து பெண்களும் முடியாது. எனக்கே தெரியும்.

அதனால் ஒரு நடுவழி செய்தேன். நடையை வைத்துக்கொண்டேன். பின்னால் வந்த பெண்கள் எல்லாரையும் ஒவ்வொரு தாளிலும் அழித்தேன். அம்மாவைக் கடைசியாக அழித்தேன். அழித்த இடத்தில் வெறும் ஒழுங்கை வந்தது. எங்கள் வருட முடிவுக் காட்சியில் அது ஓடியது, நல்ல மார்க்ஸ் கிடைத்தது. ஒருவர் வந்து, பின்னால் இருக்கிற அந்த வெறுமை மிகவும் அருமை, எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார். நான் நன்றி சொன்னேன். அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அப்பா தோள் மாற்றுகிற இடத்தில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரருக்கு, “தட் இஸ் மீ,” என்றார். அம்மா முழுவதும் பார்த்தார். “வடிவாச் செய்திருக்கிறாய்,” என்றார். அதே குரலில் சான்விச்சையும் நல்லாயிருக்கு என்பார்.

பாஸ் பண்ணிவிட்டேன். செய்யவேண்டிய படம் இன்னும் செய்யவில்லை.

இப்போது யூனி இல்லை, அந்தக் கண்ணாடிப் பலகையும் இல்லை. அப்பா ஒரு பழைய ரியூப்லைற்றையும் யாரோ எறிந்த அலுமாரிக் கண்ணாடியையும் வைத்து என் மேசையில் ஒன்று செய்து தந்திருக்கிறார். கொஞ்சம் சூடாகும், மற்றபடி வேலை செய்கிறது. இந்தத் தடவை கமரா வெளியே போகாது. படலைக்கு இந்தப் பக்கம் நிற்கும். பெட்டி போகும், முதுகுகள் போகும், அது ஆறேழு செக்கன். அதற்குப் பிறகு நிற்கிற பெண்கள் மட்டும், மேளம் குறைந்து முடிந்து தண்ணீர் வரும்வரை.

சிக்கல் என்னவென்றால், நடப்பதைவிட நிற்பது கஷ்டம். நடக்கிற ஆளில் பிழை விட்டால் அடுத்த அடி அதை மூடிவிடும். நிற்கிற ஆளை ஒரே படமாக வைத்தால் அது போட்டோ, செத்துவிடும். ஒவ்வொன்றாகத் திருப்பிக் கீறினால் கோடு நடுங்கும். மூச்சு மட்டும் தெரியவேண்டும், மற்றதெல்லாம் அசையாமல் இருக்கவேண்டும். இதற்கு அலுமாரி உதவாது. நிற்கிற ஒருவரைப் பார்த்துத்தான் கீறவேண்டும்.

நேற்று அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். அப்பா பாடைக்குச் சொன்ன அதே பதில்தான் வரும் என்று தெரிந்தும் கேட்டேன்.

“அம்மா, பின்வளவுக் கேற்றடியில கொஞ்ச நேரம் நிப்பீங்களோ? நான் கீறவேணும். நடிக்கத் தேவையில்லை.”

அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து, “துவங்கீட்டாள்,” என்றார்.

அம்மா கையில் இருந்த துவாயை மடித்து முடித்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் மடித்தார்.

“எவ்வளவு நேரம்?”

“பத்து நிமிசம். இருபது.”

“சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை,” என்றார். “கேற்றுக்கு உள்பக்கமோ வெளிப்பக்கமோ?”

“உள்பக்கம்.”

இன்று வியாழன். இருபது பென்சில் சீவிவைத்திருக்கிறேன். எங்கள் கேற் பச்சை நிறம், பிணைச்சல் ஒன்று உடைந்தது, அதற்கு அங்கால் கவுன்சில் குப்பைத் தொட்டிகள். அம்மா எதைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று தெரியாது. அதை நான் கேட்கப்போவதில்லை. கையிலிருந்து கீறத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன், கம்பத்தைப் பிடித்தால். பிடிக்காவிட்டால் தோளிலிருந்து.